குழந்தையின் முதல் பேஸ்பால் ஆட்டம்: யாங்கீ ஸ்டேடியமா, பிரிட்ஜ்வாட்டரா?

மே மாதம் வந்தால் போதும், மத்திய நியூஜெர்சியில் பிறந்தநாள் விருந்துகளிலும் கோவில் கேண்டீன் வரிசையிலும் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "பையனுக்கு நாலு வயசாச்சு, பேஸ்பால் பார்க்கக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். யாங்கீஸா, மெட்ஸா, இல்ல பக்கத்துல இருக்கிற சாமர்செட் போதுமா?" யாங்கீஸும் மெட்ஸும் நியூயார்க்கின் பெரிய அணிகள், சாமர்செட் பிரிட்ஜ்வாட்டரில் ஆடும் சின்ன அணி. முதல் ஆட்டமாச்சே, பெரிய ஸ்டேடியத்திலேயே பார்க்கட்டும் என்பார் ஒருவர். அந்த வயசுல என்ன தெரியப்போகுது, பக்கத்திலேயே முடியுங்கள் என்பார் அடுத்தவர். இருவரும் அவரவர் குழந்தையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது இன்னிங்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று அழ ஆரம்பித்தால், முகம் சுளிக்காமல் தூக்கிக்கொண்டு கிளம்ப முடிகிற ஆட்டம்தான் சின்னக் குழந்தைக்கு நல்ல முதல் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸையும் பார்த்தே தீர வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால் அது உங்கள் ஆட்டம். நண்பர்களோடு போய்விட்டு வாருங்கள், குழந்தை அடுத்த வருஷம் வரட்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நேரம். 2023இல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் பிட்ச் கிளாக் வந்தது. இத்தனை விநாடிக்குள் பந்தைப் போட்டாக வேண்டும் என்று பந்து வீசும் பிட்ச்சருக்குக் கெடு. அதுவரை மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. பெற்றோருக்கு இது பெரிய வரம். ஆனாலும் நாம் கணக்குப் போட வேண்டியது ஆட்ட நேரத்தை அல்ல. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறக்கும் வரை ஆகும் நேரத்தை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஆரம்பிக்கும் ஆட்டம் பத்து மணியை ஒட்டி முடியும். யாங்கீ ஸ்டேடியம் இருக்கும் பிராங்ஸிலிருந்து நியூஜெர்சியின் எடிசன் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும், அதுவும் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால்.

பணம். டிக்கெட் விலை ஆரம்பம் மட்டும்தான். ஆன்லைனில் கடைசிப் பக்கத்தில் சேரும் கட்டணம், பார்க்கிங் அல்லது ரயில், உள்ளே சாப்பாடு, வெளியே வரும் வழியில் வாகாக வைத்திருக்கும் தொப்பிக் கடை எல்லாம் சேர்ந்ததுதான் செலவு.

குழந்தை பார்க்கப்போவது என்ன. நாலு வயசுக் குழந்தை ஸ்கோர் பார்க்காது. பொம்மை வேஷம் போட்ட மாஸ்காட், ஐஸ்கிரீம், பெரிய திரை, தலைக்கு மேல் போகும் விமானம், புல்வெளிக்குத் தண்ணீர் அடிக்கும் ஆள், இதையெல்லாம் பார்க்கும். எங்கே இவை கிட்டத்தில் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

உடம்பு. வெயில், ஸ்பீக்கர் சத்தம், ரெஸ்ட்ரூம் வரிசை, அப்புறம் கூட்டத்துக்குள் சீறி வரும் ஃபவுல் பந்து. 2017 செப்டம்பரில் யாங்கீ ஸ்டேடியத்தில் ஒரு சின்னப் பெண் மேல் அப்படி ஒரு பந்து பட்டு மோசமாக அடிபட்டது. அதற்குப் பிறகுதான் 2018 சீசனுக்குள் முப்பது மேஜர் லீக் அணிகளும் பாதுகாப்பு வலையை வீரர்கள் உட்காரும் டக்அவுட்டின் கடைசி வரை நீட்டின. பின்னாளில் பல மைதானங்களில் அது இன்னும் நீண்டது. மட்டையிலிருந்து மணிக்கு நூறு மைலுக்கு மேல் கிளம்பும் பந்துக்கு முன்னால், நான் கையால் தடுத்துவிடுவேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது.

## மேஜர் லீக்: யாங்கீஸ், மெட்ஸ், ஃபில்லீஸ்

மூன்றும் ஒரே வகை என்று நினைக்க வேண்டாம். குழந்தையோடு போகும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

யாங்கீ ஸ்டேடியத்தில் 46,000 பேருக்கு மேல் உட்காரலாம். யாங்கீஸின் நட்சத்திரம் ஏரன் ஜட்ஜ் மட்டையோடு நடந்து வரும்போது எழும் இரைச்சலைக் கேட்டால் பெரியவர்களுக்கே புல்லரிக்கும், அதே இரைச்சலில் மூன்று வயசுக் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும். குழந்தைகள் விளையாட 2017இல் தனி இடம் கட்டினார்கள், அது நல்ல விஷயம். ஆனால் யாங்கீஸுக்கு மாஸ்காட் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஒன்றை வைத்துப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். கண்ணியமான அணியாம்! மாஸ்காட்டோடு போட்டோ எடுக்க ஆசைப்படும் குழந்தைக்கு இந்தக் கண்ணியத்தால் பிரயோஜனம் இல்லை. மேல் அடுக்கு டிக்கெட் மலிவுதான், ஆனால் படிகள் செங்குத்து. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போவதாக இருந்தால் அங்கே வாங்காதீர்கள்.

மெட்ஸின் சிட்டி ஃபீல்டு குழந்தைகளுக்கு இன்னும் தோதானது என்பது என் எண்ணம். பேஸ்பால் தலையோடு மிஸ்டர் மெட், கூடவே மிஸஸ் மெட். மெட்ஸ் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தால் மைதானத்துக்கு அப்பால் ஒரு ராட்சத ஆப்பிள் மேலே எழும்பும். பந்து எங்கே போனது என்று தெரியாத குழந்தைக்கும் அந்த ஆப்பிள் புரியும். பக்கத்திலேயே லகார்டியா விமான நிலையம் என்பதால் விமானங்கள் வந்துகொண்டே இருக்கும். நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கினால் லாங் ஐலண்ட் ரயில் ஸ்டேடியத்து வாசலுக்கே கொண்டுவந்து விடும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் அங்கிருந்து சில மைல்தான். காலையில் தரிசனம், கீழே கேண்டீனில் தோசை, மதியம் ஆட்டம் என்று முழு நாளாகவே திட்டமிடலாம். ஆனால் அது ஏழு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்கான நாள். நாலு வயசு என்றால் தோசையோடு பாட்டரி தீர்ந்துவிடும்.

ஃபில்லீஸுக்கு ஃபிலடெல்ஃபியா வரை போக வேண்டும். பிரின்ஸ்டன், செர்ரி ஹில் பக்கம் இருப்பவர்களுக்கு இது நியூயார்க்கை விட நிம்மதி. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நேராகப் போய் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பெரிய பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிடலாம். 1978 முதல் அங்கே ஆடிக்கொண்டிருக்கும் பச்சை நிற ஃபனாட்டிக், அமெரிக்க விளையாட்டு மாஸ்காட்களிலேயே பெயர் பெற்றது. நடுவர்களை வம்புக்கிழுக்கும், எதிரணி வீரரைப் போலவே நடந்து காட்டும். சில குழந்தைகள் அதைக் கண்டால் அலறும், முன்கூட்டியே படம் காட்டி வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. நியூயார்க் ஸ்டேடியங்களில் பார்க்கிங்குக்கே 50 டாலரை ஒட்டி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். டிக்கெட் விலை எதிரணியைப் பொறுத்து ஏறி இறங்கும். யாங்கீஸ் தன் பரம வைரியான ரெட் சாக்ஸோடு மோதும் சனிக்கிழமைக்கும், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒருமுறை வெளியே வந்தால் பெரும்பாலும் மறுபடி உள்ளே விட மாட்டார்கள், அதனால் மாற்றுத் துணியை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதுகுப்பையை அனுமதிக்காத ஸ்டேடியங்கள் உண்டு. டயபர் பைக்கு விலக்கு கிடைக்கும். மழை வந்து ஆட்டம் ஐந்து இன்னிங்ஸோடு நின்றுபோனால் அது முழு ஆட்டக் கணக்கில் சேர்ந்துவிடும், பணம் திரும்பாது.

நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. இந்த மூன்று ஸ்டேடியங்களிலும் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகலாம். கண்ணாடி டப்பா கூடாது; பை அளவு, தண்ணீர் பாட்டில் விதிகளைப் போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தயிர்சாதம் தாராளமாக உள்ளே போகும்.

எப்போது இது சரி? குழந்தைக்கு ஏழு வயசாவது ஆகி, பள்ளித் தோழர்களைப் பார்த்து ஜட்ஜ், சோட்டோ என்று வீரர்களின் பேர் சொல்ல ஆரம்பித்திருந்தால். குழந்தைகள் ஆடும் லிட்டில் லீகிலோ டீ-பாலிலோ சேர்ந்து விதி தெரிந்திருந்தால். அல்லது ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நியூயார்க் சுற்றிக் காட்டும் வழியில் ஒரு மதிய ஆட்டம் அமைந்தால்.

## மைனர் லீக்: சாமர்செட், புரூக்ளின், லேக்வுட்

ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள், நாடு முழுக்க 120. நாளைய நட்சத்திரங்கள் இங்கேதான் தேறி வருகிறார்கள். பிரிட்ஜ்வாட்டரில் ஆடும் சாமர்செட் பேட்ரியட்ஸ் 2021 முதல் யாங்கீஸின் டபுள்-ஏ அணி, அதாவது அந்த நான்கு படிகளில் மேலிருந்து இரண்டாவது. 2022இல் அங்கே ஆடிய ஆண்டனி வோல்பே, 2023 சீசனின் முதல் நாளே யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) இறங்கினார். அதே 2022இல் சாமர்செட் ஈஸ்டர்ன் லீக் பட்டத்தையும் வென்றது. அதனால் "மைனர்" என்ற பேரை வைத்துக் கத்துக்குட்டி ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே உட்காருமிடம் ஆறாயிரத்துச் சொச்சம். எந்த சீட்டிலிருந்தும் வீரரின் முகம் தெரியும். மைனர் மைதானங்கள் பலவற்றில் பிட்ச்சர்கள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் புல்பென் ரசிகர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் குழந்தையை நிறுத்திப் பாருங்கள். கேட்ச்சரின் கையுறையில் பந்து வந்து விழும் அந்த "டப்" சத்தத்தில் குழந்தை ஒருகணம் கண்ணை மூடும், அப்புறம் சிரிக்கும், அப்புறம் அடுத்த பந்துக்காக அசையாமல் நிற்கும். ஸ்கோர்போர்டில் என்ன நடந்தாலும் பத்து நிமிஷம் அங்கேயே ஓடிவிடும். எவ்வளவு பெரிய திரை வைத்தாலும் பெரிய ஸ்டேடியத்தின் மேல் அடுக்கில் இது கிடைக்காது.

இன்னிங்ஸ் மாறும் இடைவெளிகளில் சும்மா விட மாட்டார்கள். மட்டையை நெற்றியில் வைத்துச் சுற்றிவிட்டு ஓடும் போட்டி, குழந்தைக்கும் மாஸ்காட்டுக்கும் ஓட்டப்பந்தயம் (மாஸ்காட் தோற்றே தீரும்), டி-ஷர்ட் எறிதல் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்துக்குள் இறக்கி பேஸ்களைச் சுற்றி ஓடவிடும் பழக்கம் பல அணிகளில் உண்டு.

பிரிட்ஜ்வாட்டரில் இன்னொரு வசதி. ஸ்டேடியத்தை ஒட்டியே ராரிட்டன் வேலி ரயில் நிலையம். காரில் வருபவர்களுக்கு பாலாஜி கோவில் அதே ஊரில். சாயங்கால ஆட்டத்துக்கு முன் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தால், உள்ளே ஐஸ்கிரீம் செலவோடு தப்பிக்கலாம். சின்ன பிளாஸ்டிக் ஹெல்மெட்டில் போட்டுத் தரும் ஐஸ்கிரீம்தான் வாங்க வேண்டியது. ஹெல்மெட்டைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தால் தனியாக நினைவுப் பொருள் வாங்க வேண்டாம்.

கோனி ஐலண்டில் இருக்கும் புரூக்ளின் சைக்ளோன்ஸ், மெட்ஸின் ஹை-ஏ அணி, டபுள்-ஏக்கு அடுத்த கீழ்ப்படி. மைதானத்துக்குப் பின்னால் கடல், பக்கத்தில் ராட்டினங்கள். அழகான இடம்தான், ஆனால் குழந்தை ராட்டினத்தைப் பார்த்துவிட்டால் ஆட்டம் போச்சு. நியூஜெர்சியிலிருந்து போக வர ஆகும் நேரம் ஏறக்குறைய யாங்கீ ஸ்டேடியக் கணக்குதான். தெற்கே லேக்வுட்டில் ஃபில்லீஸின் ஹை-ஏ அணியான ஜெர்சி ஷோர் புளூகிளாஸ் ஆடுகிறது. அங்கே மைதானத்துக்குள்ளேயே அவுட்ஃபீல்டுக்கு அப்பால் புல்மேடு உண்டு. ஒரு போர்வையை விரித்துக் குழந்தையை உருளவிட்டால் உட்காரு உட்காரு என்று கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு வயசுக்காரர்களுக்கு என் தேர்வு அதுதான்.

மறைந்திருக்கும் செலவு. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: பல மைனர் லீக் மைதானங்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. யாங்கீ ஸ்டேடியத்துக்குள் போகும் தயிர்சாதம் இங்கே வாசலிலேயே நின்றுபோகலாம். கைக்குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணங்களுக்கும் பொதுவாக விடுவார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை பீட்சாவிலும் ஃபிரெஞ்சு ஃபிரையிலும் விட்டுவிடலாம், சைவமாக அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டாவது, வாணவேடிக்கை. வெள்ளி, சனி ராத்திரி ஆட்டம் முடிந்ததும் வெடிப்பது வழக்கம். ஐந்து வயசுக் குழந்தைக்குக் கொண்டாட்டம், இரண்டு வயசுக்குக் கிலி. மூன்றாவது, வாரநாள் காலை 11 மணி ஆட்டம். டிக்கெட் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். பள்ளி பஸ்கள் வரிசையாக வந்து இறங்கும், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள்.

எப்போது இது சரி? குழந்தைக்கு ஆறு வயசுக்குள் என்றால் பெரும்பாலும் இதுதான். இரண்டு குழந்தைகள், வயது வித்தியாசம் அதிகம் என்றாலும் இதுதான். பெரியவன் ஆட்டத்தைப் பார்ப்பான், சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மைதானத்தைச் சுற்றலாம். மழைக்குத் தள்ளிப்போன ஆட்டத்தைச் சேர்த்து ஒரே நாளில் இரண்டாக வைக்கும்போது ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான். அப்படி ஒரு நாள் மாட்டினால் விடாதீர்கள்.

## இவை தவிர

டிரென்டன் தண்டர் 2020 வரை யாங்கீஸின் டபுள்-ஏ அணியாக இருந்து, 2021இல் கல்லூரி வயது வீரர்கள் ஆடும் டிராஃப்ட் லீகுக்கு மாறியது. ஆட்டங்கள் ஜூனில்தான் ஆரம்பம், அதனால் குளிர் பிரச்சினை இல்லை. கீழே போட்ட மட்டையை கோல்டன் ரிட்ரீவர் நாய் கவ்விக்கொண்டு வருவது இந்த அணியின் பல வருஷப் பழக்கம். நாய் பிரியமுள்ள குழந்தை என்றால் வேறெதையும் ஒப்பிட வேண்டாம். அன்றைக்கு நாய் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

பேட்டர்சனில் ஹின்ச்லிஃப் ஸ்டேடியம். 1932இல் கட்டியது. கறுப்பின வீரர்களை மேஜர் லீகில் சேர்க்காத காலத்தில் அவர்களின் நீக்ரோ லீக் ஆட்டங்கள் நடந்த இடம். 1947இல் அமெரிக்கன் லீகில் கால் வைத்த முதல் கறுப்பின வீரர் லாரி டோபி, பிள்ளைப் பிராயத்தில் ஆடியது இங்கேதான். நெடுங்காலம் பாழடைந்து கிடந்து 2023இல் மறுபடி திறந்தது. எந்த மேஜர் லீக் அணிக்கும் கீழ் வராத சுயேச்சை அணியான ஜாக்கல்ஸ் அந்த வருஷம் அங்கே ஆட வந்தது. ஒன்பது, பத்து வயசில் கேள்வி கேட்கும் பிள்ளையோடு பேட்டர்சன் அருவியையும் பார்த்துவிட்டுப் போகலாம். கைக்குழந்தைக்கு இல்லை.

புளோரிடாவின் ஸ்பிரிங் டிரெய்னிங்கை, அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களை, சிலர் சொல்வார்கள். பிப்ரவரி கடைசி முதல் மார்ச் கடைசி வரை, சின்ன மைதானம், பெரிய வீரர்கள், கையெழுத்தும் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பள்ளிகளின் வசந்த விடுமுறை பெரும்பாலும் அது முடிந்த பிறகுதான் வரும். யாங்கீஸ் ஆடும் டாம்பா டிஸ்னியிலிருந்து ஒன்றரை மணி நேரம், மெட்ஸ் ஆடும் போர்ட் செயின்ட் லூசி இன்னும் தூரம். பள்ளிக்குப் போகாத குழந்தை, ஏற்கெனவே மார்ச்சில் புளோரிடா டிக்கெட் என்றால் மட்டும் யோசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | மேஜர் லீக் | மைனர் லீக் | டிரென்டன், பேட்டர்சன் |
|---|---|---|---|
| பாதியில் கிளம்பினால் | வயிறு எரியும் | பரவாயில்லை | கவலையே இல்லை |
| எடிசனிலிருந்து ஆகும் நேரம் | அரை நாளுக்கு மேல் | ஒரு சாயங்காலம் (புரூக்ளின் தவிர) | ஒரு சாயங்காலம் |
| வீட்டுச் சாப்பாடு | மூன்றிலும் சரி | பல இடங்களில் கூடாது | கேட்டுக்கொண்டு போகவும் |
| சத்தம், கூட்டம் | அதிகம் | மிதம். வெடி உள்ள ராத்திரி கவனம் | குறைவு |
| மாஸ்காட் கிட்டத்தில் | யாங்கீஸில் இல்லவே இல்லை. மற்றவற்றில் அதிர்ஷ்டம் | கட்டாயம் | பெரும்பாலும் |
| பொருத்தமான வயது | 7க்கு மேல் | 2 முதல் 6. அதற்கு மேலும் சரி | நாய்க்கு எந்த வயதும். சரித்திரத்துக்கு 9 |

## டிக்கெட் எடுக்கும்போது

ஏப்ரலை விட்டுவிடுங்கள். ராத்திரிக் குளிரில் ஜாக்கெட்டுக்குள் சுருண்ட குழந்தைக்கு எந்த ஆட்டமும் ஒன்றுதான். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் முதல் பாதி. ஜூலை மதியம் வேண்டாம். மதிய ஆட்டம்தான் என்றால் மூன்றாவது பேஸ் பக்கம் கூரையை ஒட்டிய வரிசையைப் பாருங்கள், பெரும்பாலான மைதானங்களில் நிழல் முதலில் அங்கேதான் வரும்.

சீட் வலைக்குப் பின்னால், வரிசையின் ஓரத்தில். முன்வரிசை ஆசை வேண்டாம், பத்தாவது வரிசைக்கு மேல் போனால் அவசரமாக ரெஸ்ட்ரூமுக்கு ஓட வழி கிட்டம். ஒரு கையுறை கொண்டுபோங்கள். கிரிக்கெட் மாதிரி இல்லை, ரசிகர் கைக்கு வந்த பந்து அவருக்கே சொந்தம். வலையைத் தாண்டி வருவது அபூர்வம் என்றாலும், இன்னிங்ஸ் முடிந்து டக்அவுட்டுக்குத் திரும்பும் வீரர்கள் கையுறையோடு நிற்கும் குழந்தையைப் பார்த்தால் பந்தை மேலே போடுவது உண்டு. சின்னக் குழந்தைகளுக்குச் சத்தம் மறைக்கும் இயர்மஃப் ஒன்று.

எந்த ஸ்டேடியமானாலும் உள்ளே போனதும் கெஸ்ட் சர்வீசஸ் மேஜையில் "முதல் ஆட்டம்" என்று சொல்லுங்கள். பல இடங்களில் குழந்தையின் பேரும் தேதியும் எழுதி ஒரு சான்றிதழ் தருவார்கள், காசு கிடையாது. ஆட்டம் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள், நான்காவது இன்னிங்ஸில் கிளம்பும்போது அந்த மேஜைப் பக்கம் போக நேரம் இருக்காது.